வெள்ளிக்கிழமைப் பக்கம்

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கல்பாக்கம் போகிற வழியில், சவுக்குத் தோப்பை வெட்டிவிட்டுக் கட்டிய ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் சிநேகா வேலை பார்த்துவந்தாள். நெட்வொர்க் அட்மின் என்று அடையாள அட்டையில் போட்டிருந்தது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீடு பக்கத்தில் புதுப்பட்டினம். அப்பா போய்ச் சேர்ந்தபின் அவளும் அம்மாவும்தான். அம்மா கல்பாக்கம் அணுமின் நிலைய டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் ஆயா.

அட்மிஷன் சீசன் வந்துவிட்டால் அந்தக் கல்லூரிக்கு வேறு முகம் வந்துவிடும். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் இலவச பஸ் போகும். வாசலில் ‘அரசுக் கலந்தாய்வு உதவி மையம்’ என்று பெரிய பேனர் தொங்கும். போனில் கலந்தாய்வு வெப்சைட்டைத் திறந்து பார்க்கத் தெரியாதவர்கள், தெரிந்தும் தப்பாகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். கம்ப்யூட்டர் லேப்பில் உட்காரவைத்து, அரசாங்கப் பட்டியலில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் காலி என்று காட்டுவார்கள். காலி இருந்தால் விருப்பம் பதிய உதவுவார்கள். இல்லையென்றால், “அதனாலென்ன, நம்ம காலேஜ் இருக்கே” என்று ஆறுதல் சொல்லி ஆபீசுக்கு அழைத்துப் போவார்கள். மதியம் எல்லோருக்கும் சாப்பாடு. லேப்பில் எல்லா கம்ப்யூட்டரையும் துடைத்து, கேபிள் மாற்றி, தயார் செய்து வைத்தவள் சிநேகா. இல்லாதப்பட்டவர்களுக்கு ஏதோ செய்கிறோம் என்று அவள் மனதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் பிற்பாடு அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அன்று திங்கட்கிழமை. இரண்டாம் சுற்றுக்கான காலியிடப் பட்டியல் காலையில் வரும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். டீ குடித்துக்கொண்டே சிநேகா தன் போனில் சும்மா திறந்து பார்த்தாள். முதல் சுற்றில் இடம் கிடைத்தும் சேராமல் விட்டவர்களின் இடங்கள் திரும்ப வந்திருந்தன. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி, பி.எஸ்சி. நர்சிங், ஒன்பது இடம் காலி. பரவாயில்லையே என்று நினைத்து போனை மூடி வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் லேப்பில் ஒரு மவுஸ் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அன்பரசி என்று பெயர். பக்கத்தில் அவளுடைய அப்பா மோசஸ், நாற்காலி நுனியில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு. டவுன்ஷிப்பில் காண்ட்ராக்டில் தோட்ட வேலை பார்க்கிறவர். மவுஸை மாற்றிக்கொண்டிருக்கும்போது சிநேகாவின் கண் திரையில் பட்டது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு நேரே பூஜ்யம் இருந்தது. அதற்கு மேலும் கீழும் எல்லா அரசுக் கல்லூரிக்கும் பூஜ்யம்தான்.

“பேஜை ரெஃப்ரெஷ் பண்ணும்மா” என்றாள் சிநேகா.

அன்பரசி அழுத்தினாள். மறுபடியும் பூஜ்யம். சிநேகா தானே குனிந்து அழுத்தினாள். அதே பூஜ்யம். பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் அதுதான். பட்டியலின் தலைப்பில் வெள்ளிக்கிழமைத் தேதி இருந்தது.

பழைய நகல் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. லேப்பில் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரும் நேராக வெளியே போவதில்லை. எல்லாம் சர்வர் ரூமில் இருக்கும் ஒரு பெட்டியிடம்தான் கேட்கும். ப்ராக்ஸி என்பார்கள். அது வெளியே போய்ப் பக்கத்தை வாங்கி வந்து, கேட்டவரிடம் ஒன்றைக் கொடுத்து, தன்னிடம் ஒன்றை வைத்துக்கொள்ளும். அதே பக்கத்தை இன்னொருவர் கேட்டால் மறுபடி அலையாமல் வைத்திருக்கும் நகலையே நீட்டும். அந்தச் சேமிப்பைக் கேஷ் என்பார்கள். நாற்பது பேர் ஒரே பக்கத்தைக் கேட்கிற இடத்தில் அது பெரிய உதவி. ஆனால் அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. நகலுக்கு வயதாகிவிட்டால், மூல வெப்சைட்டிடம் “மாறியிருக்கிறதா” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அடிக்கடி மாறும் பக்கங்கள், “என்னை எடுத்து வைத்துக்கொள்ளாதே” என்று தாமே சொல்லியனுப்பும். அப்படிச் சொல்கிற பக்கத்தை நல்ல ப்ராக்ஸி சேமித்து வைக்காது.

வெள்ளிக்கிழமை மாலை சாலைக்குப் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டிருந்தார்கள். நெட் வராத நேரத்தில் இருக்கிற நகல்களையாவது காட்டட்டும் என்று ப்ராக்ஸியை வெளியே கேட்காதபடி நிறுத்தி வைத்தார்கள். சனிக்கிழமை கேபிளை ஒட்டியாயிற்று. அதைத் திருப்பி மாற்ற மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சிநேகா சர்வர் ரூமுக்குப் போனாள்.

மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை போட்ட கட்டளையைச் சனிக்கிழமையே ஒழுங்காக எடுத்திருந்தார்கள். மற்ற எல்லா வெப்சைட்டும் புதிதாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. காலியிடப் பட்டியலின் முகவரி ஒன்றுக்கு மட்டும். பத்து நாளைக்கு இந்த நகலையே கொடு, மூல வெப்சைட்டிடம் கேட்காதே, அது வைத்துக்கொள்ளாதே என்று சொன்னாலும் கண்டுகொள்ளாதே, யாராவது ரெஃப்ரெஷ் அழுத்தினாலும் சட்டை செய்யாதே. இது எல்லாம் அந்த ஒரே வரியில் இருந்தது. விருப்பம் பதிகிற பக்கம், உள்ளே நுழைகிற பக்கம் எதையும் தொடவில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. லேப் கம்ப்யூட்டர்கள் ப்ராக்ஸியையே மூல வெப்சைட் என்று நம்பும்படி கல்லூரியின் சொந்த டிஜிட்டல் சான்றிதழை ஏற்றியிருந்ததால், முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம்கூட அப்படியே பத்திரமாகத் தெரியும்.

அந்த வரியை எழுதக்கூடியவர் கல்லூரியில் அவளைத் தவிர ஒருவர்தான். கிரிதர் சார்.

கிரிதர் ஐ.டி. பிரிவின் தலைவர். திருக்கழுக்குன்றத்துக்காரர். கோவில் மணியக்காரர் குடும்பம். நெற்றியில் சந்தனம் காயாமல் வருவார். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சிநேகாவுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவள் அப்பா இறந்தபோது கல்லறைத் தோட்டம் வரைக்கும் வெயிலில் நடந்து வந்தவர். அதனால்தான் அவள் போய்க் கேட்டபோது, மறதி என்று அவர் சொல்லிவிட வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

“மறக்கலைம்மா. நான்தான் போட்டேன்” என்றார் அவர், ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே. “டைரக்டர் கேட்டார். செஞ்சு குடுத்தேன்.”

“சார், அங்க ஒம்பது சீட் காலி இருக்கு. நாம ஜீரோன்னு காட்டிகினு இருக்கோம்.”

“பொய்யா ஒண்ணும் காட்டலையே. வெள்ளிக்கிழமை அந்த சைட் என்ன சொல்லித்தோ அதைத்தானே காட்டறோம். கேஷ்னா பழசு இருக்கத்தான் செய்யும். உனக்குத் தெரியாததா?”

அவர் அதைச் சொன்ன விதம்தான் அவளை உறைய வைத்தது. முன்பெல்லாம் பாடம் சொல்லிக்கொடுப்பாரே, அதே நிதானம். அதே பரிவு. சிநேகாவுக்கு அவருடைய சந்தன வாசனை திடீரென்று மூக்கில் ஏறியது. டைரக்டரிடம் பேசிப் பார் என்று அவரே சொன்னார். தனக்கு இதில் சொந்த லாபம் எதுவும் இல்லை என்றும் சொல்லிக்கொண்டார்.

அட்மிஷன் டைரக்டர் பக்தவத்சலம் உடனே பார்க்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறார், காத்திரு என்றார்கள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்து சிநேகா காத்திருந்தாள். மேலே இருக்கிறவர் யாராவது இதைக் கேட்டுப் பதறுவார்கள், நிறுத்தச் சொல்வார்கள் என்று இன்னமும் ஒரு நப்பாசை. மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

பக்தவத்சலம் மேசையில் பேப்பரை விரித்து வறுத்த வஞ்சிரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் சொன்னதை மென்றுகொண்டே கேட்டார். நடுவில் சுண்டுவிரலை வாய்க்குள் விட்டு, பல்லிடுக்கிலிருந்த முள்ளை எடுத்துப் பார்த்து, பேப்பரின் ஓரத்தில் துடைத்தார். அங்கே ஏற்கெனவே முட்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஏ.சி. குளிரில் மீன் எண்ணெய் உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

“நீ புதுப்பட்டினம்தானே?” என்று கேட்டார். “அப்ப வர்றதுல பாதி உங்க ஆளுங்கதான். நீ நாலு வார்த்தை சொன்னா இன்னும் நல்லா நம்பும்ங்க.”



அவர் தொடர்ந்து அன்பாகவே பேசினார். இந்தப் பெண்கள் அரசுக் கல்லூரிக்குப் போனாலும் அங்கே படிக்கிற பிள்ளைகளோடு ஈடுகொடுக்க முடியாதாம். பாதியில் நின்றுவிடுவார்களாம். இங்கேயென்றால் பஸ் இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, அவர்களுக்கு வரும் அரசாங்க ஸ்காலர்ஷிப்பைக் கல்லூரியே வாங்கிக் கழித்துக்கொள்ளும், அவர்களுக்குக் கஷ்டமே இல்லையாம். ஒருவிதத்தில் இது சேவையாம்.

“மெஷின் ஒண்ணு பழசக் காட்டுது. அதுக்கு மனுஷங்க மேல ஏன்மா கோவப்படற?” என்று சொல்லிவிட்டு விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார்.

வெளியே வந்து அவள் பாத்ரூமில் முகம் கழுவினாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்றிருந்தது. ஜன்னல் வழியே சாப்பாட்டு வரிசை தெரிந்தது. ஆளுக்கொரு தட்டில் தக்காளி சாதம். பரிமாறுகிறவர்கள் போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று உபசரித்தார்கள். மோசஸ் இரண்டு கையாலும் தட்டை ஏந்தி வாங்கிக்கொண்டு, பரிமாறிய பெண்ணுக்கு நன்றி சொன்னார். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்தபோதுதான் சிநேகாவுக்கு அருவருப்பு முழுசாக உறைத்தது. ஏமாற்றுகிறவர்கள் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஏமாறுகிறவர்கள் கும்பிட்டு நன்றி சொல்லும்படி அல்லவா ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். தானும் அந்த ஏற்பாட்டில் ஒரு ஆள்.

அவள் நேராகச் சர்வர் ரூமுக்குப் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அந்த வரியை அழித்தாள். சேர்த்து வைத்திருந்த நகலையும் துடைத்தாள். ப்ராக்ஸியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள். லேப்புக்கு வந்து பார்த்தால் எந்தத் திரையும் மாறவில்லை. யாராவது ரெஃப்ரெஷ் அழுத்தினால்தானே மாறும். பூஜ்யத்தைப் பார்த்து மனசு விட்டுப்போனவர்கள் எதற்கு மறுபடி அழுத்தப் போகிறார்கள்?

சிநேகா நடுவில் நின்றுகொண்டு, எல்லோரும் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள், புதுப் பட்டியல் வந்திருக்கிறது என்று சொன்னாள். இரண்டு மூன்று பேர் அழுத்தினார்கள். பூஜ்யம் போய் எண்கள் வந்தன. ஒரு தாய் எழுந்து நின்று பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்தாள். மேற்பார்வைக்கு இருந்தவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். அடுத்த ஐந்து நிமிஷத்தில் லேப்பில் நெட் போய்விட்டது. கேபிள் ரிப்பேர், நாளைக்கு வாருங்கள் என்று அறிவித்தார்கள். விருப்பம் பதிய அன்று மாலையோடு கெடு முடிகிறது என்று யாரும் சொல்லவில்லை. சிநேகாதான் சொன்னாள். சிலர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். பலர் இந்தப் பொண்ணு யார், எதற்குக் கத்துகிறாள் என்பதுபோலப் பார்த்துவிட்டு, ஆபீஸ்காரர்கள் கூப்பிட்ட பக்கம் போனார்கள்.

அன்பரசியின் நாற்காலி காலியாக இருந்தது. சாப்பிட்டதும் அவர்களை ஆபீசுக்குக் கூட்டிப்போய்விட்டிருந்தார்கள். சிநேகா ஓடிப் போனபோது, வராந்தாவில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பை தட்டையாகக் கிடந்தது.

“ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட வாங்கி வெச்சிகினாங்க மேடம்” என்றார் மோசஸ், நல்ல சேதி சொல்கிற மாதிரி. “சீட்டு கன்பார்ம்னு சொல்ட்டாங்க.”

செங்கல்பட்டில் இடம் காலி இருக்கிறது, இங்கே காட்டியது பழைய பட்டியல், வேண்டுமென்றே காட்டினார்கள் என்று சிநேகா சுருக்கமாகச் சொன்னாள். மோசஸுக்குப் பாதி புரியவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் அப்படிச் செய்வார்களா என்று அவர் முகம் கேட்டது. அன்பரசிக்குப் புரிந்துவிட்டது.

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டாள்.

“காலைல.”

“நான் மவுஸ் கேட்டப்போவா?”

“ஆமா.”

“அப்பவே இன்னாத்துக்கு சொல்லல? எங்கப்பா இவுங்களுக்குக் கையெடுத்துக் கும்புட்டாரு.”

மேலே இருக்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்லச் சிநேகாவுக்கு வாய் வந்தது. சொன்னால் அதுவும் கிரிதர் சார் சொன்னது மாதிரியே இருக்கும் என்று தோன்றி விழுங்கிக்கொண்டாள்.

விருப்பம் பதியச் சான்றிதழ் தேவையில்லை, பதிவு எண்ணும் பாஸ்வேர்டும் போதும். மூன்று பேரும் கேட்டைத் தாண்டிச் சாலைக்கு வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சிநேகாவின் போனில் வெப்சைட்டைத் திறந்தார்கள். அங்கே ப்ராக்ஸியும் கிடையாது, நகலும் கிடையாது. செங்கல்பட்டுக்கு நேரே எட்டு என்று இருந்தது. காலையில் பார்த்ததற்கு ஒன்று குறைச்சல். சிநேகா காட்டிக்கொடுக்கக் கை நீட்டியபோது அன்பரசி போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். எல்லாவற்றையும் தானே படித்து, தானே பதிந்து, இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் சிநேகா வேலைக்குப் போகவில்லை. ராஜினாமாவை மெயிலில் அனுப்பினாள். அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

அன்பரசிக்குச் செங்கல்பட்டில் இடம் கிடைத்தது. ஆனால் சான்றிதழ்கள் கல்லூரியின் பீரோவில் இருந்தன. சேர்ந்துவிட்டு விலகினால் முழு வருஷத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டும் என்று சொல்லி மோசஸைத் திரும்பத் திரும்ப அலைய விட்டார்கள். சிநேகா அவரைச் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். தான் கண்ணால் பார்த்ததை எழுதி அவளும் கையெழுத்துப் போட்டாள். அங்கிருந்து ஒரு போன் போனதும் கல்லூரி இறங்கிவந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள். அதற்குமேல் யாரும் தோண்டவில்லை.

சான்றிதழை வாங்கப் போனபோது சிநேகாவும் கூடப் போனாள். ரிசப்ஷனில் ஒரு தாளை நீட்டினார்கள். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறோம், கல்லூரி மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்று அதில் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் சான்றிதழ்.

“இது பொய்யில்ல?” என்றாள் அன்பரசி.

“போட்டுட்டுப் போலாம்மா” என்றார் மோசஸ். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. களைப்புதான். அவர் போட்டார். அவளும் போட்டாள். பேனாவை ரிசப்ஷன் பெண்ணின் கையில் கொடுக்காமல் மேசையில் போட்டாள்.

அப்போது கிரிதர் அந்தப் பக்கம் வந்தார். சிநேகாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதில் நடிப்பு இல்லை. அம்மா எப்படி இருக்கிறாள், வேறு வேலை கிடைத்ததா, எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் தயாராக இருக்கிறது, நல்லவிதமாகவே எழுதியிருக்கிறேன் என்றார். தான் அழித்த அந்த வரியை மறுபடி போட்டுவிட்டீர்களா என்று அவள் கேட்டாள்.

“அது சீசன் முடியறவரைக்கும்தானேம்மா” என்றார் அவர். மற்ற பாராமெடிக்கல் படிப்புகளுக்கான கலந்தாய்வு இன்னும் முடியவில்லை, அதற்கும் இதே லேப்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் ஆசீர்வாதம் செய்கிற மாதிரி அவள் தோளைத் தட்ட வந்தார். சிநேகா பின்னால் நகர்ந்துகொண்டாள். கை அந்தரத்தில் ஒரு கணம் நின்று, சந்தனத்தைச் சரிசெய்துகொள்வதுபோல நெற்றிக்குப் போனது.

கேட்டருகே கல்லூரியின் இலவச பஸ் வந்து நின்றது. மதுராந்தகம் பக்கத்து ஜனங்கள் இறங்கினார்கள். புதுப் பாவாடை தாவணியில் ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும். அந்த அம்மா சிநேகாவிடம், “இங்கதானே கவர்மெண்டு சீட்டு பாத்து சொல்றாங்கோ?” என்று கேட்டாள்.

“இங்க பாக்காதீங்கக்கா. இங்க காட்றது பழசு. வெளிய எதனா நெட் சென்டர்ல பாருங்க, இல்ல என் போன்லயே பாத்துடலாம், வாங்க” என்றாள் சிநேகா.

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ போட்டிக் கல்லூரியின் ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வாசலில் கும்பிட்டு வரவேற்றவர்களின் பின்னால் உள்ளே போய்விட்டாள். சிநேகா இன்னும் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். செக்யூரிட்டி வந்து, வெளியே போங்கம்மா என்றான்.

செங்கல்பட்டு பஸ் வந்தது. மோசஸ் முன்னால் ஏறினார். அன்பரசி சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. சிநேகா அதில் உட்காராமல் பின்னால் போய் நின்றுகொண்டாள். பஸ் கிளம்பும்போது பேனருக்குக் கீழே அந்த ஜனங்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது.